வாசிக்கத் திணறும் குழந்தை... ஆசிரியர்களுக்கு கைகொடுக்கும் ஆன்லைன் பயிற்சிகள் என்னென்ன?

கதை சொல்லச் சொன்னால் கடகடவென சொல்லும் குழந்தை, அதையே புத்தகத்தைப் பார்த்து வாசிக்கச் சொன்னால் திணறுகிறதா? 'சோம்பேறி' என முத்திரை குத்தாதீங்க. காரணம் வேறாக இருக்கலாம்.

ஏன் சீக்கிரம் கண்டுபிடிக்கணும்?

3-ஆம் வகுப்புக்குப் பிறகு கணக்கு, அறிவியல் என எல்லாமே வாசிப்பை நம்பித்தான் நகரும். வாசிப்பில் விழுந்த ஓட்டை, எல்லா பாடத்தையும் பாதிக்கும்.

எங்கே கற்கலாம்?

2017-ல் தொடங்கிய மத்திய அரசின் 'திக்‌ஷா' தளத்தில் மொபைலிலேயே படிக்கலாம். 2021-ல் இதில் வந்த 'நிஷ்தா 3.0' பயிற்சியில், அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவு குறித்து 12 கோர்ஸ்கள் உள்ளன.

'பிரஷஸ்த்' ஆப் எதற்கு?

என்சிஇஆர்டி 2022-ல் வெளியிட்டது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகை குறைபாடுகளுக்கான செக்லிஸ்ட் இதில் இருக்கு. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. முதல் பகுதியை வகுப்பாசிரியர் நிரப்புவார். அடுத்த பகுதி சிறப்பாசிரியருக்கு. இது ஸ்கிரீனிங் மட்டுமே. குறைபாட்டை உறுதி செய்ய வேண்டியது மருத்துவர், நிபுணர்கள்தான்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நல்ல உதாரணம். அரும்பு, மொட்டு, மலர் என கற்றல் நிலையைப் பார்த்து பாடம் நடத்தப்படுகிறது. 3-ஆம் வகுப்பு மாணவனுக்கு எழுத்தே தெரியலைன்னா, அரும்பிலிருந்து ஆரம்பிக்கலாம்.

சான்றிதழுக்காக வீடியோவை ஓடவிட்டு முடித்தால் பயனில்லை. கற்றதை மறுநாளே வகுப்பில் ஒரு குழந்தையிடம் செய்து பார்த்தால்தான் பலன்.