தகட்டின் ஓரத்தில் ஓர் எழுத்து

ஊரை விட்டுப் புறப்பட்டபோது பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்த குடும்பப் படம் ஒன்று நம்மில் பலரிடம் உண்டு. பின்புறத்தைப் புரட்டினால் ஊரும் ஆண்டும் எழுதியிருக்கலாம். எந்த வில்லையால் எடுத்த படம் என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை. முகம் தெரிந்தால் போதும் என்பது வீட்டு நியாயம். விண்ணைப் படம் பிடித்தவர்களுக்கு அந்த நியாயம் செல்லவில்லை.

அமெரிக்காவின் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தார் 1885 முதல், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் வானத்தைக் கண்ணாடித் தகடுகளில் பதித்து வந்தனர். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள் சேர்ந்தன. ஒவ்வொன்றின் எண்ணுக்கும் முன்னால் ஓர் எழுத்து நிற்கும். அது ஊரையோ ஆண்டையோ குறிப்பதன்று. படமெடுத்த தொலைநோக்கியைக் குறிப்பது. 8 அங்குல பேச் வில்லைக்கு 'பி'. 24 அங்குல புரூஸ் வில்லைக்கு 'ஏ'. பேச் வில்லை 1889இல் பெரு நாட்டுக்குக் கப்பலேறியது. புரூஸ் வில்லையோ 1896இல் பெருவுக்கும், 1927இல் தென்னாப்பிரிக்காவுக்கும் சென்றது. ஊர் மாறியும் எழுத்து மாறவில்லை. நம்மவர் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்தைப் போன்றதே இதுவும் எனலாம்.

இத்துணைக் கவனம் எதற்கு? புரூஸ் தகட்டில் ஒரு மில்லிமீட்டர் என்பது வானத்தில் ஒரு கலை. பேச் தகட்டிலோ அதே ஒரு மில்லிமீட்டர் மூன்று கலை. எழுத்தைத் தவறவிட்டால் அளவு மும்மடங்கு பிழைத்துப் போகும். 1887இல் பாரிஸில் கூடிய வானியலார் இத்தொல்லையை வேறு வழியில் தீர்த்தனர்: விண்வரைபடப் பணியில் சேரும் நிலையங்கள் யாவும் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கலை என்ற ஒரே அளவில் படமெடுக்க வேண்டும் என்றனர். ஹைதராபாத்தில் வாழும் நேயர்கள் அறிந்த நிஜாமியா வானாராய்ச்சி நிலையம் அப்பணியில் தென்வானின் 17 பாகை முதல் 23 பாகை வரையுள்ள பகுதியை ஏற்றுக்கொண்டது.

மீண்டும் ஹார்வர்டுக்கு வருவோம். 1888 பிப்ரவரி 6 அன்று பேச் வில்லை ஓரியன் மண்டலத்தை, அதாவது நம் திருவாதிரை மின்னும் அந்தப் பகுதியை, ஒரு தகட்டில் பதித்தது. படமெடுத்தவர் வில்லியம் பிக்கரிங். தகட்டை ஆராய்ந்தவர் வில்லியமினா பிளெமிங் அம்மையார். முன்பு நிலையத்து இயக்குநரின் இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர். ஒளிமேகம் ஒன்றின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு கரிய வெட்டு இருப்பதை அவர் கண்டார். ஐந்து கலை விட்டம் என்று குறித்தார். 'பி' தகட்டில் அது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு! தகட்டின் கறை என்று தள்ளிவிட எளிதாக இருந்திருக்கும். குதிரைத்தலை மேகம் என்று இன்று உலகம் வியப்பது அதனைத்தான்.

1895இல் டிரையர் வெளியிட்ட வானியற் பட்டியலில் பிக்கரிங் என்ற பெயர் மட்டுமே இடம்பெற்றது. அம்மையாரின் பெயர் விடுபட்டது. வில்லைக்கு வாய்த்த கவனம் அவருக்கு வாய்க்கவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க நமக்கு மனம் வரவில்லை.

அண்மைக் காலத்தில் ஹார்வர்டுத் தகடுகளுள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைக் கணிப்பொறிக்கு ஏற்றினர். தகடுகள் மட்டும் போதவில்லை. பழைய பதிவேடுகளையும் படமெடுத்து, தன்னார்வத் தொண்டர்களைக் கொண்டு எழுத்தையும் எண்ணையும் நாளையும் வரிவரியாகப் பெயர்த்தெழுதினர். பிளெமிங் அம்மையார் கையில் ஏந்திப் பார்த்த அந்தத் தகட்டின் அடையாளம் இன்றும் அதுவே: பி 2312.