லாரிக்கு இன்டர்கூலர் மாத்தப் போறீங்களா? 'பெருசா இருந்தா நல்லது'ன்னு வாங்கிடாதீங்க!

மேடு ஏறும்போது லாரி திணறுகிறது, புகை கறுப்பாக வருகிறது, மைலேஜ் குறைகிறது. 'இன்டர்கூலரை மாத்திடுங்க, பெரிய சைஸா போடுங்க' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவசரப்பட வேண்டாம். தப்பான சைஸ் போட்டால் காசும் போகும், இன்ஜினும் சூடாகும். சரியான சைஸை எப்படி முடிவு செய்வது? எளிமையாகப் பார்க்கலாம்.

இன்டர்கூலர் என்ன செய்கிறது?

டர்போ காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாகும் இல்லையா? அதேபோல டர்போ அழுத்தும் காற்றும் சூடாகும். சூடான காற்று விரிந்துவிடுவதால், அதே இடத்தில் ஆக்சிஜன் குறைவாகவே இருக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் இன்டர்கூலர் இந்தக் காற்றைக் குளிர வைத்து அனுப்புகிறது. இதனால் டீசல் நன்றாக எரியும், புகை குறையும், சைலன்சர் பக்கம் போகும் வாயுவின் சூடும் குறையும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா?

6 லிட்டர் டீசல் இன்ஜின், வேகம் 2,400 ஆர்பிஎம், பூஸ்ட் 1.5 பார், வெளியே 35 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்வோம். டர்போவின் திறன் 70 சதவீதம்.

* டர்போவிலிருந்து வெளிவரும் காற்றின் சூடு: சுமார் 167 டிகிரி
* 80 சதவீதத் திறனுள்ள இன்டர்கூலரைத் தாண்டிய பிறகு: சுமார் 62 டிகிரி
* இன்ஜினுக்குள் போகும் காற்று: நிமிடத்துக்கு சுமார் 16 கிலோ
* இன்டர்கூலர் வெளியேற்ற வேண்டிய வெப்பம்: சுமார் 28 கிலோவாட்

அதாவது, 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 28-ஐ ஒரே நேரத்தில் போட்டால் வரும் சூடு. உங்கள் வண்டியின் சிசி, ஆர்பிஎம், பூஸ்ட் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் சைஸை முடிவு செய்ய வேண்டும். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எவ்வளவு பெருசு?' அல்ல, 'எவ்வளவு காற்றுக்கு, எவ்வளவு வெப்பத்துக்கு?' என்பதுதான்.

பெரிதாகப் போட்டால் என்ன பிரச்னை?

உள்ளே போகும் காற்று குறுகலான குழாய்களில் உரசிப் போவதால் அழுத்தம் கொஞ்சம் குறையும். மேலே சொன்ன கணக்கில் 0.1 பார் குறைந்தால், இன்ஜினுக்குக் கிடைக்கும் காற்று இன்டர்கூலர் இல்லாததைவிட ஏறக்குறைய 25 சதவீதம் அதிகம். அதுவே 0.4 பார் குறைந்தால், அந்த லாபம் 10 சதவீதமாகச் சுருங்கிவிடும். எனவே குளிர வைக்கும் திறனை மட்டும் பார்த்தால் போதாது, அழுத்த இழப்பையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம் தடிமன். தடிமனான இன்டர்கூலர், பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறித்துவிடும். தடிமனை இரண்டு மடங்காக்கினால் குளிர்ச்சி இரண்டு மடங்காகாது. முன்பக்கம் இடம் இருந்தால் அகலத்தையும் உயரத்தையும் கூட்டுவதே நல்லது.

எந்த வகை வாங்கலாம்?

டியூப் அண்ட் ஃபின் வகை எடை குறைவு, வெளிக்காற்று எளிதாக ஊடுருவும். பார் அண்ட் பிளேட் வகை எடை அதிகம், ஆனால் உறுதியானது, அதிக பூஸ்ட்டைத் தாங்கும். கம்பெனி செட்டிங்கிலேயே ஓடும் சரக்கு லாரிக்கு, அந்த மாடலுக்கு உரிய அளவிலேயே போடுவது பாதுகாப்பு.

சேலத்திலிருந்து தருமபுரி போகும் தொப்பூர் ஏற்றம் மாதிரியான இடங்களில் ஃபுல் லோடோடு மெதுவாக ஏறும்போது எதிர்க்காற்று கிடைக்காது. அப்போது ஃபேன் இழுக்கும் காற்றுதான் ஒரே துணை. ஃபேன் கிளட்ச் சரியில்லை என்றால், எந்த இன்டர்கூலர் போட்டும் பலனில்லை.

வாங்குவதற்கு முன் இதையெல்லாம் பாருங்க

* ஹோஸில் வெடிப்பு, கிளாம்ப் தளர்வு இருக்கிறதா? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது 'உஸ்' சத்தம் கேட்டால் காற்று கசியலாம்.
* ஃபின்களில் மண், பூச்சி அடைத்திருக்கிறதா? பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்க. வேகமாக அடித்தால் ஃபின் மடங்கிவிடும்.
* உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் டர்போவையும் சோதிக்க வேண்டும்.
* டர்போ உடைந்து மாற்றியிருந்தால், இன்டர்கூலரைச் சுத்தம் செய்யாமல் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீங்க. உள்ளே சிக்கிய உலோகத் துண்டு இன்ஜினுக்குள் போனால் செலவு பல மடங்காகிவிடும்.

பவர் கூடுமா?

இன்டர்கூலரை மட்டும் மாற்றினால் பெரிதாகக் கூடாது. டீசல் அளவையும் கூட்டினால்தான் பவர் வரும். ஆனால் அது புகை விதிகளில் சிக்கவைக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள பிஎஸ்-6 விதிப்படி வந்த வண்டிகளில் கை வைப்பது இன்னும் சிக்கல். பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது.

ஆக, முதலில் கசிவைப் பாருங்க, பிறகு கழுவுங்க, ஃபேனைச் சோதிங்க. இவ்வளவுக்கும் சரியாகவில்லை என்றால் மட்டும் புது இன்டர்கூலர். பல வண்டிகளில் ஒரு கிளாம்ப்பை இறுக்கினாலே வேலை முடிந்துவிடும்!