எண்ணெயும் எல்லையும்

வியன்னாவில் காலையில் புறப்பட்டு, ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்து, மாலைக்குள் இத்தாலியின் சமவெளியை அடைகிற இக்காலத்துப் பிரயாணி, பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார் ஒன்றை ஓட்டிச் செல்வாரானால், வழியில் எரிபொருளுக்கென்று ஒரு முறைகூட நிற்காமலும், தேசத்தின் எல்லையில் பெரும்பாலும் எவருக்கும் ஒரு காகிதத்தைக் காட்டாமலும் போய்ச் சேர்ந்துவிடலாம். இவ்விரண்டு சௌகரியங்களும் இன்று எவருடைய கவனத்தையும் கவர்வதில்லை. ஆனால் இவை இரண்டும் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துக் கஷ்டங்களை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் ஹைபிரிட் என்ற வாகனத்தின் பூர்வ சரித்திரம் விளங்கும். பெட்ரோல் செலவை மிச்சம் பிடிக்கவும் நகரத்துப் புகையைக் குறைக்கவும் நம் காலத்தார் யோசித்துச் செய்தது அது என்ற எண்ணமே எங்கும் பரவியிருக்கிறது. உண்மையில் அது தூரம் போக வேண்டும் என்ற ஆசையிலிருந்து பிறந்தது.

மோட்டார் வண்டி தோன்றிய நாளில் அதற்கு வேண்டிய எண்ணெய் மருந்துக் கடையில்தான் கிடைத்தது. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவருக்குத் தெரிவிக்காமல், தம் புதல்வர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியில் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவருடைய மூன்று சக்கர வண்டியில் புறப்பட்டார். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கொண்ட அந்த வழியில் எண்ணெய் தீர்ந்தபோது, வீஸ்லோக் என்ற சிற்றூரின் மருந்துக் கடையில், துணிக்கறை போக்குவதற்காக விற்கப்பட்ட லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கித்தான் வண்டியை நகர்த்தினார். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தம் தொப்பியின் ஊசியால் அதைக் குத்திச் சரிசெய்தார் என்றும், தேய்ந்துபோன பிரேக் கட்டைக்கு வழியிலிருந்த செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் தைத்துக்கொண்டார் என்றும் சொல்லப்படுகிறது. 1907-ல் பீக்கிங்கிலிருந்து பாரிஸ் வரை நடந்த பெரும் ஓட்டத்திலோ, ஆசியாவின் வனாந்தரங்களில் போட்டியாளர்களுக்கு வேண்டிய பெட்ரோலை முன்கூட்டியே ஒட்டகங்களின் மீது ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. எண்ணெய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பாதை என்பதே அந்நாளைய விதி.

மின்சார வண்டிகளின் நிலைமை இன்னும் இக்கட்டானது. சத்தமில்லை, நாற்றமில்லை, கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் அபாயமில்லை. ஆகையால் நகரத்துச் சீமான்களும் சீமாட்டிகளும் அவற்றையே விரும்பினார்கள். ஆனால் ஈயத் தகடுகளால் ஆன பாட்டரியின் கனம் வண்டியை அழுத்த, நகரத்தின் எல்லையைத் தாண்டிச் சிறிது தூரம் போனாலே திரும்பி வருவதைப் பற்றிய கவலை பிறந்துவிடும். கிராமங்களில் மின்சாரமே வராத காலத்தில் பாட்டரிக்கு ஊட்டம் ஏற்றுவது யார்?

இந்தக் கேள்விக்கு விடை வியன்னாவில் கிடைத்தது. ராஜ குடும்பத்தாருக்குக் கோச்சு வண்டிகள் செய்து புகழ் பெற்றிருந்த லோனர் கம்பெனியின் அதிபர் லுட்விக் லோனர், குதிரை வண்டிகளின் காலம் முடிகிறது என்பதை உணர்ந்து, பொஹீமியாவில் 1875-ல் பிறந்த ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞரைத் தம் தொழிற்சாலையில் அமர்த்திக்கொண்டார். போர்ஷே மின்சார மோட்டாரைச் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே பொருத்தினார். எனவே சங்கிலியும் பல்சக்கரப் பெட்டியும் தேவையற்றுப் போயின. 1900-ல் பாரிஸில் கூடிய உலகப் பொருட்காட்சியில் அந்த வண்டி வைக்கப்பட்டது. ஆயினும் அதன் பாட்டரி மட்டும் 410 கிலோகிராம் எடை; ஒரு முறை ஊட்டம் ஏற்றினால் 50 கிலோமீட்டர் அளவே ஓடும். இங்கிலாந்தில் லூட்டன் நகரத்தைச் சேர்ந்த ஹார்ட் என்ற கனவான், நான்கு சக்கரங்களிலும் மோட்டார் வைத்த வண்டி வேண்டுமென்று கேட்டபோது, அதன் பாட்டரியின் எடை 1,800 கிலோகிராம் ஆயிற்று. பாட்டரியைப் பெரிதாக்கித் தூரத்தை வெல்லும் மார்க்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் போர்ஷே அப்போதே கண்டுகொண்டிருக்க வேண்டும்.

ஆகவே அவர் மாற்று வழியில் யோசித்தார். அதே ஆண்டில் அவர் செய்த 'ஸெம்பர் வீவஸ்' என்ற வண்டியின் பெயருக்கு 'என்றும் உயிருள்ளது' என்று பொருள். அதன் நடுவே டி தியோன் பூத்தோன் கம்பெனியின் சிறிய பெட்ரோல் எஞ்சின்கள் இரண்டு பக்கத்துக்கு ஒன்றாக நின்றன. அவற்றுக்கும் சக்கரங்களுக்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது. ஒவ்வொன்றும் தனக்கென அமைந்த டைனமோவைச் சுழற்றும். டைனமோவில் பிறந்த மின்சாரம் முன்சக்கர மோட்டார்களுக்குப் போகும். மிஞ்சியது பாட்டரியில் சேரும். எஞ்சினைக் கிளப்ப வேண்டுமானால், பாட்டரியின் மின்சாரத்தை அதே டைனமோவுக்குத் திருப்பிவிட்டால், அது மோட்டாராக மாறி எஞ்சினைச் சுழற்றிவிடும். மற்ற வண்டிக்காரர்கள் இரும்புக் கைப்பிடியோடு மல்லாடிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு யுக்தி இருந்ததை நினைக்கையில் வியப்பு மேலிடுகிறது. வண்டி தன் மின்சாரத்தைத் தானே விளைவித்துக்கொண்டு சுமார் 200 கிலோமீட்டர் போகக்கூடியதாயிற்று. அடுத்த ஆண்டு இதையே திருத்தி, பெரிய எஞ்சின் ஒன்றை முன்னால் வைத்து, பாட்டரியைச் சிறிதாக்கி, 'மிக்ஸ்டே' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1902-ல் வியன்னாவை அடுத்த எக்ஸெல்பெர்க் மலையேற்றப் போட்டியில் போர்ஷே தாமே அதை ஓட்டித் தம் வகுப்பில் முதலிடம் பெற்றார். எனினும் விலையும் கனமும் சிக்கலும் அதன் வாணிபத்துக்கு இடையூறாயின. முதல் மகாயுத்தத்தில் கனரகப் பீரங்கிகளை இழுத்துச் சென்ற ஆஸ்திரிய சாலை ரயில்களில் அதே தத்துவத்தைப் போர்ஷே மறுபடியும் பயன்படுத்தினார்.

எண்ணெய்க் கவலைக்கு மாற்று ஒன்று பிறந்தாலும், எல்லைக் கவலை அப்படியே இருந்தது. காரோடு அயல்நாட்டுக்குள் நுழைபவர், அதை அங்கே விற்றுவிடமாட்டார் என்பதற்கு ஈடாக, இறக்குமதித் தீர்வை முழுவதையும் சுங்கச் சாவடியில் ரொக்கமாகக் கட்ட வேண்டும். திரும்பும்போது அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வேறு சாவடி வழியே வெளியேறினால் பணம் திரும்புவதற்குள் படும் பாடு சொல்லி முடியாது. இந்தத் துன்பத்தைத் தீர்த்த புண்ணியம் மோட்டார் சங்கங்களையே சாரும். 'டிரிப்டிக்' என்ற மூன்று மடிப்புக் காகிதத்தை அவை வழங்கின; நுழையும் சாவடியில் ஒரு துண்டு, வெளியேறும் சாவடியில் ஒரு துண்டு, பிரயாணியின் கையில் ஒரு துண்டு; கார் திரும்பாவிட்டால் தீர்வைக்குச் சங்கமே ஜாமீன். ஒரு தேசத்துக்கு ஒரு காகிதம் என்றிருந்ததை விரித்து, பல தேசங்களுக்கும் ஒரே புத்தகமாகச் செய்ததுதான் 'கார்னே' என்பது. அரசாங்கங்கள் தங்களுக்குள் ஓயாமல் சந்தேகித்துக்கொண்டிருந்த அந்த யுகத்தில், சாதாரணச் சங்கங்கள் ஒன்றையொன்று நம்பிக் கையெழுத்திட்டு ஏற்படுத்திய இந்த ஏற்பாட்டுக்கு உரிய மரியாதையைச் சரித்திர ஆசிரியர்கள் செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம்.

1909-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பாரிஸில் பல தேசத்தார் கூடிச் செய்த உடன்படிக்கையின்படி, அயல்நாட்டில் செல்லும் காருக்குப் பொதுவான அத்தாட்சிப் பத்திரமும், பின்புறத்தில் தேசத்தின் எழுத்துகளைத் தாங்கிய முட்டை வடிவப் பலகையும் ஏற்பட்டன. மேடு பள்ளம், வளைவு, சாலைச் சந்திப்பு, ரயில்வே கேட் என்ற நான்கு எச்சரிக்கைச் சின்னங்களும் பொதுவாயின. அந்த எழுத்துகளின் வழக்கம் இன்றும் தொடர்கிறது. இலங்கை தன் பெயரை மாற்றிக்கொண்ட பின்னரும் சிலோன் நாளைய 'சி.எல்.' என்ற எழுத்துகளே அதன் கார்களுக்கு உரியவை. சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதில் மட்டும் ஒற்றுமை வரவில்லை. வியன்னா 1938 வரையில் இடப்பக்கமும், ஸ்வீடன் 1967 வரையில் இடப்பக்கமும் ஓட்டின. 1949-ல் ஜெனிவாவிலும், 1954-ல் நியூயார்க்கிலும், 1968-ல் வியன்னாவிலும் ஒப்பந்தங்கள் மேலும் விரிந்தன.

இதற்கிடையில் ஹைபிரிட் வண்டியை உலகம் மறந்தது. 1912-ல் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் காடிலாக் கார்களில் வந்தவுடன் கைப்பிடி போயிற்று. பெட்ரோல் பங்க்குகள் ஊர்தோறும் முளைத்தன. தூரத்துக்காகப் பிறந்த வாகனத்துக்குத் தூரத்தில் வேலையில்லாமல் போயிற்று. சிகாகோவில் 1916 முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் செய்யப்பட்ட 'வுட்ஸ்' வண்டியும், 1974-ல் விக்டர் வூக் ஒரு ப்யூக் காரை மாற்றியமைத்துக் காட்டிய சோதனையும் தனி முயற்சிகளாகவே நின்றன.

அது மறுபடியும் பிறந்தபோது நோக்கம் மாறியிருந்தது. டொயோட்டா கம்பெனியில் உச்சியாமாடா தாக்கேஷியின் தலைமையில் நடந்த முயற்சியின் பயனாக 1997 டிசம்பரில் ஜப்பானில் 'ப்ரியஸ்' வெளிவந்தது. அதன் முதல் மாதிரி வண்டி 49 நாட்கள் வரை நகரவே மறுத்ததாக அக்கம்பெனியாரே சொல்லியிருக்கிறார்கள். எஞ்சினையும் இரண்டு மோட்டார்களையும் ஒரு கோள்பற்சக்கரத் தொகுதியால் இணைத்த அந்த வண்டி, எண்ணெய்ச் சிக்கனத்தையே தன் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1995 மார்ச் 26-ல், ஷெங்கன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து ஐரோப்பாவின் சாவடிகள் வரிசையாகத் திறந்துவிடப்பட்டிருந்தன.

ஆனாலும் நெடுஞ்சாலையில்தான் இந்த வாகனத்தின் குணமும் குறையும் தெளிவாகத் தெரியும். ஆஸ்திரியாவில் 1935-ல் திறக்கப்பட்ட கிராஸ்கிளாக்னர் மலைச்சாலை, 48 கிலோமீட்டர் நீளத்தில் 36 கொண்டையூசி வளைவுகளோடு 2,500 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. ஏறுகையில் பாட்டரி சிறிது நேரத்தில் தீர்ந்துவிட, எஞ்சின் ஓங்கிய குரலில் தனியே உழைக்கும். இறங்குகையில் மோட்டார் டைனமோவாக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிச் சேமிக்கும். ஆனால் அந்தச் சேமிப்புக்கு ஓர் எல்லை உண்டு. 1,400 கிலோகிராம் எடையுள்ள கார் 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 4 யூனிட். இரண்டாவது தலைமுறை ப்ரியஸின் பாட்டரி முழுவதும் கொள்வதே 1.3 யூனிட்தான், அதிலும் ஒரு பகுதியைத்தான் அது உபயோகிக்கும். சில வளைவுகளிலேயே பாட்டரி நிறைந்துவிடும். அதன் பின் பிரேக்கை மட்டும் நம்பினால் தகடுகள் கொதிக்கும். ஆகையால் கியர்க் கோலை 'பி' (B) என்ற இடத்துக்குத் தள்ளி, எஞ்சினின் தடையைக் கொண்டே வண்டியை இறக்க வேண்டும். மலைப்பாதை தெரிந்த லாரி டிரைவர்கள் தாழ்ந்த கியரில் இறங்குகிறார்களே, அந்தப் பழைய ஞானத்துக்கு இங்கும் விலக்கில்லை.

மேற்கு ஐரோப்பாவின் எல்லைகள் கரைந்துவிட்டாலும், அங்கிருந்து காரிலேயே கிழக்கு நோக்கி ஈரான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வர நினைப்பவருக்குக் கார்னே புத்தகம் இன்றும் அவசியம். காரின் மதிப்புக்கேற்ற ஜாமீன் கட்ட வேண்டும். ஒரு சாவடியில் வெளியேற்ற முத்திரை விடுபட்டாலும் தீர்வை அவர் தலையில் விழும். அவ்வழியில் மின்சாரம் ஏற்றும் நிலையங்கள் அரிது, பெட்ரோல் கிடைக்கும். ஆதலால் பாட்டரி மாத்திரமே உள்ள காரைவிட ஹைபிரிட் காருக்கே அங்கே போகும் தகுதி அதிகம். கார்னேயின் பக்கத்தில் சேஸிஸ் எண், எஞ்சின் எண், சிலிண்டர்களின் எண்ணிக்கை, உள்ளுறையின் விவரம், ரேடியோ, உபரி டயர் என்று வரிசையாக இடங்கள் உண்டு. பெட்ரோல் எஞ்சின் ஒன்றையே மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட பட்டியல் அது. மின்சார மோட்டாரைப் பற்றி எழுத வேண்டியதை, 'இதர விவரங்கள்' என்ற இடத்தில் எழுதிக்கொள்ளலாம்.