ஓர் ஆளுக்கு ஓர் ஓலை

1679 செப்டம்பர் 22ஆம் திகதி, கண்டிக்கு அருகே எலடெத்த என்ற கிராமத்திலிருந்து இரண்டு ஆங்கிலேயர் தோளில் மூட்டையுடன் வடக்கே நடக்கத் தொடங்கினார்கள். பார்ப்பவர்களுக்கு அவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சாமான் விற்கும் சில்லறை வியாபாரிகள். உண்மையில் இருவருமே கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் கைதிகள். ஒருவர் ரொபேர்ட் நொக்ஸ், மற்றவர் ஸ்டீபன் ரட்லண்ட். புயலில் பாய்மரம் இழந்து கொட்டியாற்றுக் குடாவில் ஒதுங்கிய ஒரு கப்பலோடு 1660இல் பிடிபட்டவர் நொக்ஸ். சிறையில் பூட்டப்படவில்லை, ஊருக்குள் வீடு கட்டி, தொப்பி பின்னி விற்று, நெல்லை வட்டிக்குக் கொடுத்துப் பத்தொன்பது ஆண்டுகளை ஓட்டியவர். மலைநாட்டை விட்டு வெளியேற மட்டும் அனுமதி கிடையாது.

அநுராதபுரத்தைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கியபோது கையில் என்னென்ன இருந்தன என்று நொக்ஸ் பின்னாளில் ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார். பத்து நாளைக்கு அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு. சமைக்க ஒரு பாத்திரம், தண்ணீருக்கு இரண்டு சுரைக்குடுக்கை, தீமூட்டும் பெட்டி இரண்டு மூன்று, வெல்லம், வெற்றிலை, புகையிலை. முள் குத்தாமல் இருக்கச் செருப்புத் தைத்துக்கொள்ள ஒரு மான்தோல். நீளக் கழியில் கட்டிய சிறு கோடரி ஆளுக்கு ஒன்று. மழை வந்தால் அடியில் படுத்துக்கொள்ள இரண்டு பெரிய தாளிப்பனை ஓலைகள். முதுகுப்பையோடு மலையேறுகிறவர்கள் இன்று போடுகிற பட்டியலோடு இதை ஒப்பிட்டால் குறையென்று சொல்ல அதிகம் இருக்காது. அந்த ஓலைதான் இங்கே விஷயம்.

தாளிப்பனையைக் குடைப்பனை என்றும் சொல்வார்கள். கண்டிப் பக்கத்து விகாரைகளில் இருக்கும் பழைய ஏடுகள் இதன் குருத்தோலையில் எழுதப்பட்டவை. முப்பது முதல் எண்பது ஆண்டுகள் வரை வளர்ந்து, ஒரே ஒருமுறை உச்சியில் பிரமாண்டமாகப் பூத்து, காய்த்ததும் பட்டுப்போகும். பூக்கும் முன் வெட்டினால் உள்ளே இருக்கும் சோற்றை இடித்து மாவாக்கிச் சுட்டுத் தின்னலாம் என்கிறார் நொக்ஸ். ஓலை ஐந்து மீற்றர் அகலம் வரை விரியும். ஒரே ஓலைக்கு அடியில் பதினைந்து இருபது பேர் நனையாமல் நிற்கலாம் என்றும் அவர் எழுதியிருக்கிறார். நெருக்கியடித்து நின்றால் நம்பக்கூடிய கணக்குத்தான்.

அகலத்தைவிட அது மடிகிற விதமே அவரை அசத்தியது. காய்ந்த ஓலை வலுவாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும்; விசிறிபோல் மடிந்தால் ஒருவரின் கைப் பருமனுக்குள் அடங்கிவிடும்; எடையே தெரியாது. முழு ஓலையை யாரும் சுமப்பதில்லை. முக்கோணத் துண்டுகளாக வெட்டி, கூரான பக்கம் முன்னே வரும்படி தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். புதருக்குள் நுழையும்போது அந்தக் கூர் கிளைகளை விலக்கிக் கொடுத்தது. பகலில் வெயிலுக்குக் குடை, நடக்கும்போது மழைக்குச் சட்டை, இரவில் கூடாரம். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலில், ஓலையைத் தலையில் பிடித்தபடி மழையில் நிற்கும் ஒரு மனிதரின் படமே உண்டு. ஓர் ஓலையை அவர் இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார்.

காட்டுவாசிகளின் அவசர ஒட்டுவேலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கண்டிப் படைவீரர் ஒவ்வொருவரும் இதைக் கட்டாயம் வைத்திருந்தார்கள். நிலத்துக்குப் பதிலாக அரசனுக்குச் செய்யவேண்டிய இராசகாரியக் கடமையில் படைக்கு வந்த குடியானவர்கள் அவர்கள். சோறும் சுமையும் அவரவர் பொறுப்பு. பின்னால் சுமைகூலிகளும் மாட்டு வண்டியும் வராது. ஆகவே ஒவ்வொருவரும் தன் இருப்பிடத்தைத் தானே தூக்க வேண்டியிருந்தது, அது கனக்கவும் கூடாது. கண்டியின் செங்குத்தான பாதைகளும் ஓயாத மழையும் போட்ட நிபந்தனைக்கு மரமே தயாராக ஒரு விடையை வைத்திருந்தது.

அந்த விடையின் அருமையை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஓர் எதிரி. 1804 செப்டம்பரில் பிரித்தானியக் கப்டன் ஆர்தர் ஜொன்ஸ்டன் சுமார் 300 பேருடன் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டார். வேறு திசைகளிலிருந்தும் படைகள் வந்து சேரும் என்று நம்பியே போனார். ஒக்டோபரில் கண்டியை எட்டிப் பார்த்தால் வேறு ஒருவருமில்லை. சுற்றிலும் எதிரி, தொடர் மழை. வழிநெடுகச் சண்டையிட்டுத் திருகோணமலைக்குப் பின்வாங்கினார். 1810இல் அவர் வெளியிட்ட குறிப்பில் கண்டி வீரனின் சுமை இப்படி வருகிறது: துப்பாக்கி, பதினைந்து நாள் உணவு, ஒரு சிறு சமையல் பாத்திரம், ஒரு தாளி ஓலை. இரண்டு பேர் தம் ஓலைகளின் அகன்ற ஓரங்களைச் சேர்த்து வைத்தால் மழையும் பனியும் இறங்காத கூடாரம் ஆகிவிடும். உணவும் அதே அளவுக்கு லேசு: ஆளுக்கு இரண்டு மூன்று தேங்காய், ஒரு சிறு பை குரக்கன். சுமைகூலிகள் ஓடிப்போனால் அந்த இடத்திலேயே நின்றுவிடும் ஒரு படையின் தளபதி எழுதியது இது. வரிகளுக்கு நடுவே பொறாமை தெரியத்தான் செய்கிறது.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் வீழ்ந்தது. ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி திறந்தது, வழியில் தங்குவிடுதிகள் எழுந்தன, 1867இல் ரயிலும் வந்தது. ஓலை சுமக்க வேண்டிய தேவை போயிற்று.

எல்லோருக்கும் அல்ல. நொக்ஸ் தப்பிப்போனது மல்வத்து ஓயாக் கரையோரமாக, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு. ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகு தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் அதே மன்னாரில் இறங்கி, எதிர்த் திசையில், தம்புள்ளை, மாத்தளை என்று கண்டிச் சீமைக்குக் கால்நடையாக ஏறினார்கள். அவர்களுக்கு மழைக்கும் குளிருக்கும் ஒரு கம்பளிதான் துணை. பட்டினியாலும் வாந்திபேதியாலும் அந்தக் காட்டுப் பாதையில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். வழியில் கொட்டகைகளும் கிணறுகளும் பின்னர்தான் வந்தன. கண்டி அரசனின் கட்டாயப் படைவீரனுக்கு இருந்த கூரைகூட அவர்களுக்கு இல்லை என்பதை எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்லிவிடலாம்.

இன்று ஹந்தானையில் தொடங்கி 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ ட்ரெயிலில் நடப்பவர்களுக்குக் கூடாரம் பெரும்பாலும் தேவைப்படாது. 22 கட்டங்களாகப் பிரித்த பாதை அது, பல கட்டங்களின் முடிவில் தங்க இடம் கிடைக்கும். நக்கிள்ஸ் மலைத்தொடருக்குத் தனியே போகிறவர்கள்தான் கடையில் நின்று யோசிக்கிறார்கள். எடை ஒரு கிலோவுக்குள் வருமா, மடித்தால் எவ்வளவு, நடைக்கோலை ஊன்றியே நிறுத்தலாமா? இந்த மூன்றிலும் ஓலை தேறிவிடும். நான்காவதிலும் அது ஒரு படி மேல்: ஒற்றைப் படல நைலோன் கூடாரத்தை ஈரமான மலை இரவில் மூடிவைத்தால், உள்ளே படுத்திருப்பவரின் மூச்சே நீராகித் துணியில் கோத்து முகத்தில் சொட்டும். பக்கம் திறந்த ஓலைக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஓலை தோற்கும் இடம் அட்டைக்கடி. மழை நாளில் மீமுரேப் பக்கத்துக் காட்டில் தரையில் படுத்தவருக்கு மேலே எவ்வளவு நல்ல கூரை இருந்தும் பயனில்லை. ஆகவே அங்கே போகிறவர்கள் இருநூறு முந்நூறு கிராம் கூடினாலும் பரவாயில்லை என்று, விளிம்பு உயர்ந்த தைத்த தரையும் உள்ளே வலைப் படலமும் உள்ள இரட்டைப் படலக் கூடாரத்தை எடுப்பதே நல்லது. அதை அடிப்பதற்கு வனத் திணைக்களத்தின் அனுமதியும் வாங்க வேண்டும். நொக்ஸுக்கு அந்த அனுமதிச் சிக்கல் வேறு வடிவத்தில் இருந்தது.