மூன்றெழுத்தில் நிற்கும் பழைய ஊர்கள்

விமானப் பயணச்சீட்டிலும் போர்டிங் பாஸிலும், பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி ஒட்டும் தாள்பட்டையிலும் ஊர்ப் பெயரைவிடத் தூக்கலாகத் தெரிவது மூன்று ஆங்கில எழுத்துகள். சென்னைக்கு எம்ஏஏ, திருச்சிக்கு டிஆர்இசட், கொழும்புக்கு சிஎம்பி, சிங்கப்பூருக்கு எஸ்ஐஎன். இந்தக் குறியீடுகளை ஒதுக்குவது, ஐயாட்டா என்று சுருக்கமாக வழங்கும் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம். அது 1945 ஏப்ரலில் கியூபாவின் ஹவானா நகரில் தொடங்கியது. குறியீட்டு வழக்கமோ அதைவிட மூத்தது. விமானத் துறை அதை வேறொரு துறையிலிருந்து எடுத்துக்கொண்டது.

அமெரிக்க வானிலைத் துறை தன் நிலையங்கள் இருந்த நகரங்களுக்கு இரண்டெழுத்துச் சுருக்கம் வைத்திருந்தது. 1930-களில் விமானிகளுக்கு வானிலை அறிக்கை அன்றாடத் தேவை. அந்த அறிக்கைகளில் கண்ட சுருக்கங்களே அவர்கள் வழக்கிலும் புகுந்தன. விமான நிறுவனங்களும் அவற்றை அப்படியே ஏற்றன. லாஸ் ஏஞ்சலிஸ் எல்ஏ, போர்ட்லாந்து பிடி, ஃபீனிக்ஸ் பிஹெச். வானிலை நிலையமே இல்லாத ஊர்களுக்கும் விமானங்கள் பறக்கத் தொடங்கியபோது இது போதாமல் போனது. இரண்டெழுத்தில் கிடைப்பவை 676 சேர்க்கைகள்தான், மூன்றெழுத்தில் 17,576. மூன்றாவது எழுத்து வந்தபோது, ஏற்கெனவே இரண்டெழுத்து பெற்றிருந்த நகரங்களில் சில ஓர் எக்ஸை வாலில் சேர்த்துக்கொண்டன. எல்ஏஎக்ஸ், பிடிஎக்ஸ், பிஹெச்எக்ஸ் அப்படி வந்தவை. அந்த எக்ஸுக்குத் தனிப் பொருள் எதுவும் கிடையாது. ஆனாலும் போர்ட்லாந்து மக்கள் இன்று தங்கள் நகரத்தையே பிடிஎக்ஸ் என்று செல்லமாகக் குறிப்பிடுகிறார்கள்.

எல்லா எழுத்தும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் என் என்ற முதலெழுத்து கடற்படைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கே, டபிள்யூ இரண்டும் வானொலி நிலையங்களுக்கு உரியவை. கியூ, தந்தியாளர்களின் சுருக்கச் சொற்களுக்குப் போயிருந்தது. அதனால் நியூவார்க் தன் முதலெழுத்தை விட்டுவிட்டு இடபிள்யூஆர் ஆனது. நார்ஃபோக் நடுவெழுத்துகளைக் கொண்டு ஓஆர்எஃப் ஆனது. கீ வெஸ்டுக்கு இன்னும் சிக்கல். பெயரின் இரு சொற்களும் தடைசெய்த எழுத்துகளிலேயே தொடங்க, கடைசியில் அமைந்தது இஒய்டபிள்யூ. இந்தத் தடை அமெரிக்காவுக்குள் மட்டும்தான். வார்சா டபிள்யூஏடபிள்யூ என்றும் கோலாலம்பூர் கேயுஎல் என்றும் தடங்கலின்றித் தங்கள் முதலெழுத்தைப் பெற்றன.

கையெழுத்தும் ஒரு குறியீட்டைத் திருத்தியிருக்கிறது. வாஷிங்டனின் பழைய விமான நிலையம் டிசிஏ. 1962-இல் திறந்த டல்லஸ் நிலையத்துக்கு முதலில் வழங்கியது டிஐஏ. அவசரமாகக் கையால் எழுதும்போது சி எது, ஐ எது என்று தெரியாமல் போகவே எழுத்துகளை இடம் மாற்றி ஐஏடி என்று ஆக்கினார்கள்.

ஊரின் பெயரோடு சற்றும் ஒட்டாத குறியீடுகளில்தான் வரலாறு அதிகம் தங்கியிருக்கிறது. சிகாகோவின் ஓஆர்டி நல்ல சான்று. இரண்டாம் உலகப் போரின்போது நகருக்கு வெளியே ஆர்ச்சர்ட் பிளேஸ் என்ற சிற்றூர் இருந்த இடத்தில் டக்ளஸ் நிறுவனம் சி-54 போக்குவரத்து விமானங்களைத் தயாரித்தது. போருக்குப் பின் அந்த ஓடுதளம் ஆர்ச்சர்ட் ஃபீல்டு என்ற பெயரில் விமான நிலையமானது. 1942 பிப்ரவரியில் லெக்ஸிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களிடமிருந்து காத்து, அடுத்த ஆண்டு போரிலேயே இறந்தவர் கடற்படை விமானி எட்வர்டு ஓஹேர். 1949-இல் நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பழத்தோட்டம் என்று பொருள்படும் அந்தச் சிற்றூரின் பெயர் குறியீட்டில் மட்டும் தங்கிவிட்டது.

நியூ ஆர்லியன்ஸின் எம்எஸ்ஒய் இன்னும் வியப்பானது. ஜான் மொய்சன்ட் என்ற தொடக்ககால விமானி 1910 டிசம்பர் 31 அன்று அந்நகருக்கு அருகே விழுந்து இறந்தார். அவர் நினைவாக அவ்விடத்தில் எழுந்த கால்நடைப் பட்டி மொய்சன்ட் ஸ்டாக் யார்ட்ஸ் எனப்பட்டது. பின்னாளில் அங்கே விமான நிலையம் வந்தபோது எழுத்துகள் பட்டியின் பெயரிலிருந்து கிடைத்தன. 2001-இல் நிலையம் இசைக்கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயருக்கு மாறியது, எம்எஸ்ஒய் மாறவில்லை. ஒர்லாண்டோவின் எம்சிஓ, 1957-இல் விமான விபத்தில் இறந்த கர்னல் மெக்காயின் பெயர் தாங்கிய விமானப்படைத் தளத்தின் மிச்சம். நாஷ்வில்லின் பிஎன்ஏ, பெர்ரி ஃபீல்டு நாஷ்வில். சின்சினாட்டி ஓஹையோ மாநிலத்து நகரம் என்றாலும் அதன் விமான நிலையம் ஆற்றுக்கு அக்கரையில் கென்டக்கியில் இருப்பதால் அங்குள்ள கோவிங்டன் நகரின் பெயரில் சிவிஜி என்று வழங்குகிறது.

கனடாவின் பெரிய நிலையங்கள் எல்லாம் ஒய்யில் தொடங்குகின்றன. அந்த ஒய்க்குப் பின்னால் வரும் இரண்டெழுத்துகள் பல ஊர்களில் இரயில்வே தந்தி நிலையத்தின் அடையாளத்திலிருந்து வந்தவை. டொரொண்டோ விமான நிலையம் அமைந்த மால்டனின் தந்திக் குறி ஒய்இசட். முன்னால் ஓர் ஒய் சேர, அது ஒய்ஒய்இசட் ஆனது. கனடிய ராக் குழுவான ரஷ் 1981-இல் இதே பெயரில் ஓர் இசைக்கோவை வெளியிட்டது. அந்த மூன்றெழுத்தின் மோர்ஸ் ஒலிப்பே அதன் தொடக்கத் தாளம்.

ஒருமுறை வழங்கிய குறியீடு நிரந்தரமானது என்பதே ஐயாட்டாவின் கொள்கை. வலுவான காரணம், குறிப்பாகப் பறப்புப் பாதுகாப்பு சார்ந்த காரணம், இருந்தால்தான் மாற்றம். கட்டணப் பட்டியல், கால அட்டவணை, பயணிகள் பதிவு, பெட்டிகளைப் பிரிக்கும் இயந்திரம் என உலகெங்கும் உள்ள அமைப்புகள் ஒரே எழுத்துகளை நம்பியிருப்பதால் இந்தக் கண்டிப்பு நியாயமானதுதான். அதனால் அரசியல் மாறி ஊர்ப் பெயர் மாறிய பிறகும் பழைய பெயர் பயணச்சீட்டில் பிழைத்துவிடுகிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இன்றும் லெனின்கிராடின் எல்இடி. ஹோ சி மின் நகரம் சைகோனின் எஸ்ஜிஎன். பெய்ஜிங்கின் தலைமை நிலையம் பீக்கிங்கின் பிஇகே. குவாங்சௌ கான்டனின் சிஏஎன். யாங்கோன் ரங்கூனின் ஆர்ஜிஎன்.

விதிவிலக்குகளும் உண்டு. நியூயார்க்கின் ஐடில்வைல்டு நிலையம் 1963 டிசம்பரில் கென்னடியின் பெயரைப் பெற்றபோது ஐடிஎல் போய் ஜேஎஃப்கே வந்தது. கஜகஸ்தானின் கதை நீளமானது. அதன் இன்றைய தலைநகர் 1961-இல் செலினோகிராட் எனப் பெயர் பெற்றது. அந்தச் சோவியத் பெயரிலிருந்து வந்தது டிஎஸ்இ. 1992-இல் ஊர் அக்மோலா ஆனது, 1998-இல் அஸ்தானா ஆனது, டிஎஸ்இ அசையவில்லை. 2019-இல் முதல் குடியரசுத் தலைவரைச் சிறப்பித்து நூர்-சுல்தான் என்று பெயர் சூட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் குறியீடும் என்கியூஇசட் என்று மாறியது. 2022-இல் ஊர் மறுபடி அஸ்தானா ஆகிவிட்டது. குறியீடோ என்கியூஇசட்டாகவே நிற்கிறது. குறியீடுகளை அடிக்கடி தொடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இந்தியாவில் பம்பாய் 1995-இலும், மதராஸ் 1996-இலும், கல்கத்தா 2001-இலும் பெயர் மாறின. பிஓஎம், எம்ஏஏ, சிசியு மாறவில்லை. மதராஸின் முதல் மூன்றெழுத்தான எம்ஏடி மத்ரித் நகரிடம் இருக்கிறது. திருவனந்தபுரம் டிரிவாண்ட்ரமாகவே டிஆர்வி. வடோதரா பரோடாவாகவே பிடிகியூ. இந்திய ஊர்கள் பலவற்றின் குறியீடு ஐஎக்ஸ் என்று தொடங்கும். மதுரை ஐஎக்ஸ்எம், லே ஐஎக்ஸ்எல், ஜம்மு ஐஎக்ஸ்ஜே. இவற்றில் கடைசி எழுத்துதான் ஊரைச் சொல்கிறது. இலங்கையில், 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறந்த பலாலிக்கு, யாழ்ப்பாணத்தின் ஆங்கிலப் பெயரையொட்டி ஜேஏஎஃப். இந்திய இரயில்வே தனக்கென்று வேறு குறியீடுகளை வைத்திருக்கிறது என்றாலும் அங்கும் இதே நிலைதான். சென்னை சென்ட்ரல் இன்னும் எம்ஏஎஸ், எழும்பூர் எம்எஸ். டிரிச்சினோபொலி சந்திப்பு என்ற பழம்பெயர் திருச்சியின் டிபிஜேயில் இருக்கிறது.

பயணிக்கு இந்த எழுத்துகள் வெறும் வரலாற்றுச் செய்தி அல்ல. தெலங்கானாவின் ஹைதராபாத் ஹெச்ஒய்டி. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத் ஹெச்டிடி. கோவாவில் தெற்கே டபோலிம் ஜிஓஐ, 2023 ஜனவரியில் வடக்கே இயங்கத் தொடங்கிய மோபா ஜிஓஎக்ஸ். சீட்டில் ஓரெழுத்தைக் கவனிக்கத் தவறினால் மாநிலத்தின் மறுகோடியில் இறங்க நேரும். லண்டன் போன்ற பெருநகரங்களில் ஊருக்கு எல்ஓஎன் என்று பொதுக் குறியீடும், ஹீத்ரோவுக்கு எல்ஹெச்ஆர், காட்விக்குக்கு எல்ஜிடபிள்யூ என்று தனித்தனிக் குறியீடும் உண்டு.

விமானிகளும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களும் பயன்படுத்துவது வேறு. ஐநாவின் பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த நான்கெழுத்துக் குறியீடு அது, சென்னைக்கு விஓஎம்எம். முதல் எழுத்துகள் உலகின் பகுதியைக் காட்டுவதால் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, விமான நிலையம் இடம் மாறும்போது பல நேரம் நன்றாகத் தெரியும். ஹாங்காங்கின் கை டாக் நிலையம் 1998 ஜூலை 6 அன்று மூடப்பட்டதும் ஹெச்கேஜி கடலோரத்துப் புதிய நிலையத்துக்குப் போனது. 2008 மார்ச்சில் ஹைதராபாத்தின் ஷம்ஷாபாத் நிலையம் திறந்தபோது ஹெச்ஒய்டி அங்கே போக, பழைய பேகம்பேட்டைக்கு பிபிஎம் வந்தது. அதே ஆண்டு மே மாதம் தேவனஹள்ளி திறந்ததும் பிஎல்ஆர் பெங்களூரின் பழைய எச்ஏஎல் நிலையத்தை விட்டு அங்கே சென்றது. பெங்களூரின் நான்கெழுத்து அப்படி நகரவில்லை: எச்ஏஎல் ஓடுதளம் விஓபிஜியாகவே இருக்க, தேவனஹள்ளிக்கு விஓபிஎல் என்று புதிதாக ஒதுக்கினார்கள்.