வயதும் வளர்ச்சியும்

மலைநாட்டின் பழந்தலைநகராகிய கண்டி, கடலுக்குத் தொலைவிலே ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்தது. நகரை வளைத்தோடும் மகாவலி கங்கையிலே, கெட்டம்பேயிலும் கட்டுகஸ்தோட்டையிலும் நீராடிய சிறுவர்க்கு நீச்சல் தானே கைவந்தது. எத்தனை செக்கனில் அவர்கள் அக்கரை சேர்ந்தனர் என்று எவரும் எழுதிவைத்ததில்லை. தடாகங்கள் எழுந்த பின்னரே செக்கன் என்னும் அளவு நீச்சலுள் புகுந்தது. 1872 இல் தோன்றிய திரித்துவக் கல்லூரி முதலாய பாடசாலைகளின் பிள்ளைகள் இன்று வயதுப் பிரிவுகளில் போட்டியிடுகின்றனர். விடியற்காலையிலே பிள்ளையை நீரில் இறக்கிவிட்டுக் கரையிலே கடிகாரமும் கையுமாய் நிற்கும் பெற்றாரும் அப்போட்டியின் ஓரங்கமாயினர்.

சென்ற ஆண்டு முதலாவதாய் வந்த பிள்ளை இவ்வாண்டு ஏன் பின்தங்கியது? பெற்றார் மனத்தை அரிக்கும் வினா இதுவே. சோம்பல் என்பர் சிலர்; பயிற்றுநர் சரியில்லை என்பர் வேறு சிலர். விடையோ பெரும்பாலும் பிள்ளையின் எலும்பிலே இருக்கின்றது. அதனை அறிதற்கு உலகம் நெடுங்காலம் எடுத்தது.

அவ்வறிவுக்கு வித்திட்டவரும் ஒரு தந்தையே. பிரான்சிலே மொன்பெயார் என்னும் பிரபு, 1759 இல் பிறந்த தம் மைந்தனின் உயரத்தை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 1777 வரை அளந்துவந்தார். இயற்கை நூலறிஞர் பியூபோன் அவ்வளவுகளைத் தம் நூலிற் சேர்த்தார். பிள்ளையை எவரோடும் ஒப்பிடாது அளந்த தந்தை அவர். அதனாலேயே அவர் குறிப்பு இன்றும் பயன்படுகின்றது. ஆண்டுதோறும் கூடிய உயரத்தைக் கோடாக வரைந்து பார்த்தோர் ஓர் உண்மையைக் கண்டனர். குழவிப் பருவத்திலே விரைந்த வளர்ச்சி பின்னர் படிப்படியாய்த் தளர்ந்து, பதினான்கு வயதளவில் திடீரெனப் பாய்ந்தெழுந்து, அதன்பின் அடங்குகின்றது.

அப்பாய்ச்சல் எல்லோர்க்கும் ஒரே வயதில் வருவதில்லை என்பதைத் தெளிவாய் விளக்கியவர் ஆங்கில மருத்துவ அறிஞர் ஜேம்ஸ் ரானர். குமரப் பருவ வளர்ச்சி பற்றிய அவரது நூல் 1955 இல் வெளிவந்தது. பெண்களுக்குப் பன்னிரண்டு வயதளவிலும் ஆண்களுக்குப் பதினான்கு வயதளவிலும் வளர்ச்சி உச்சம் பெறும். ஆயின் நலமுள்ள பிள்ளைகளிடையேயும் ஈராண்டு முன்பின் ஆதல் இயல்பே. அவர் காட்டிய மூன்று சிறுவர் படங்கள் பெயர்பெற்றவை. மூவர்க்கும் ஒரே வயது. ஒருவன் குழந்தை, ஒருவன் குமரன், ஒருவனோ முழு ஆண்மகன். கண்டித் தடாகத்தின் ஒரே வரிசையில் அம்மூவரும் குதிக்கக்கூடும். பிறப்பத்தாட்சிப் பத்திரம் அவர்களைச் சமமென்றே சொல்லும்.

நீரிலே நீண்ட கையும் அகன்ற தோளும் பெரும் உதவி. ஆதலின் முன்னரே வளர்ந்த பையன் பன்னிரண்டு வயதில் வெல்லுதல் வியப்பன்று. ஏனையோர் வளர்ந்து அவனை எட்டிப்பிடிக்கையில், அவன் கெட்டுவிட்டான் என்று வீட்டார் நினைக்கின்றனர். பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமானது. பூப்பெய்திய பின் இடுப்பு அகன்று உடலிற் கொழுப்புக் கூடும். சிலருக்கு நேரம் சிறிதுகாலம் குறையாது நிற்கும். அவ்வேளையில் உணவைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டுதல், வளரும் எலும்புக்கும் உடற்சுழற்சிக்கும் தீங்கு செய்யும். அன்புள்ள பெற்றாரே இத்தவற்றைச் செய்வது துயரம்.

இளம்வயதுப் புகழும் அவர்களை மயக்குகின்றது. அவுஸ்திரேலியாவின் ஷேன் கூல்ட் 1972 இல் மியூனிக் ஒலிம்பிக்கிலே பதினைந்து வயதில் மூன்று தங்கம் வென்றார். தமிழகத்துக் குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதிலே 1994 இல் ஆறு நீரிணைகளை நீந்திக் கடந்தார். இவர்களை நினைவில் வைப்போர், 2008 இல் பெய்ஜிங்கில் நாற்பத்தொரு வயதிலே மூன்று வெள்ளி வென்ற அமெரிக்கத் தாய் தாரா ரொரெஸை நினைப்பதில்லை. கூல்ட்டோ பதினாறு வயதிலேயே போட்டியை விட்டு விலகினார்.

கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகட்குத் தடாகமே எட்டாதது. 2016 ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் நாடளாவ நூற்றுக்குப் பதினேழு, தோட்டத்துறையிலோ முப்பத்திரண்டு. அத்தகைய பிள்ளை ஒருவேளை தடாகத்தை அடைந்தாலும், ஒத்த வயதினரோடு ஓட்டப்படும் முதற் போட்டியிலேயே கழிக்கப்படும்.

வளர்ச்சிநிலையை முன்னர் கையின் எக்ஸ்-கதிர்ப் படத்தால் அறிந்தனர். 2002 இல் கனடிய ஆய்வாளர் எளிய வழியொன்றை வெளியிட்டனர்: நின்ற உயரம், இருந்த உயரம், நிறை, வயது ஆகியவற்றைக்கொண்டு வளர்ச்சி உச்சம் எப்போது வருமெனக் கணித்தல். அளவுநாடாவும் முக்காலியும் தராசும் போதும், எப்பாடசாலையும் செய்யலாம். ஆயின் அக்கணக்குக் கனடிய, பெல்ஜியப் பிள்ளைகளின் அளவுகளிலிருந்து பிறந்தது. மிக முந்தியோ பிந்தியோ வளர்வோரிடத்து அது பிழைபடும். ஆகையால் ஒரே நாளின் அளவை நம்பாது, அதே பிள்ளையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்து அளத்தலே நம்பத்தக்கது.