கவரும் பிரிண்டரும்: ஒரு பழைய தகராறு

வீட்டில் பிரிண்டர் வாங்கி வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி கவரைப் பற்றியதுதான். "பேப்பர் ஒழுங்காக வருகிறது சார், கவர் வைத்தால் மட்டும் சுருங்குகிறது, சிக்குகிறது, விலாசம் மூலைக்குப் போய்விடுகிறது" என்பார்கள். தபால் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள். இந்தத் தகராறுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது தெரிந்தால் பரிகாரமும் தன்னால் விளங்கும்.

முதலில் கவரின் கதை. பிரிட்டனில் 1840க்கு முன்பு தபால் கட்டணம் எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்று பார்த்து வாங்கப்பட்டது. கவர் போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கில் சேரும். ஆகவே ஜனங்கள் கடிதத்தையே மடித்து, அரக்கு வைத்து, அதன் முதுகிலேயே விலாசம் எழுதினார்கள். ரோலண்ட் ஹில் கொண்டுவந்த ஒரு பென்னி தபால் எடையைத்தான் பார்த்தது. உடனே கவருக்கு யோகம் அடித்தது. அவருடைய சகோதரர் எட்வின் ஹில்லும் வாரன் டி லா ரூவும் கவர் மடிக்கும் இயந்திரத்துக்கு 1845ல் காப்புரிமை பெற்றார்கள். நம் நாட்டிலும் 1854ல் தூரம் பாராத ஒரே கட்டணம் வந்தது.

கவர் என்பது மடித்து ஒட்டிய பை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் இரண்டு தாள் கனம், ஒட்டின இடத்தில் மூன்று, மூலையில் அதற்கும் மேல். உள்ளே கொஞ்சம் காற்று.

டைப்ரைட்டருக்கு இது பெரிய தொல்லையாக இல்லை. ரப்பர் உருளையைச் சுற்றி ஒரு கவர், அதை ஓட்டுவது ஒரு மனிதர். கனமான இடத்தில் விரலை அழுத்தி அடிப்பார். பிறகு வந்த டாட் மேட்ரிக்ஸும் ரிப்பனை ஊசியால் குத்துகிற ஜாதிதான். ஓரத்தில் துளை போட்ட தொடர் தாளில் ஒட்டு லேபிள்களாக விலாசங்களை அடித்துத் தள்ளினோம்.

லேசர் பிரிண்டரின் பிறப்பு வேறு. செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22ல் நியூயார்க்கின் அஸ்டோரியாவில் மின்னூட்டத்தால் பொடியை ஒட்டவைத்து முதல் நகலை எடுத்தார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் கேரி ஸ்டார்க்வெதர் அந்த முறையில் லேசர் கதிரைச் சேர்த்தார். 1984ல் கேனனின் இயந்திரப் பாகத்தை வைத்து எச்.பி. நிறுவனம் லேசர்ஜெட்டை வெளியிட்டது. இந்தப் பரம்பரை முழுவதும் தட்டையான ஒற்றைத் தாளுக்காகப் பிறந்தது. கடைசியில் இரண்டு உருளைகள் தாளை நசுக்கி, பொடியைச் சூட்டில் உருக்கி ஒட்டுகின்றன. கவர் அங்கே போனால் உள்ளே இருக்கும் காற்று பின்பக்கம் தள்ளப்பட்டு, கடைசி மூலையில் மடிப்பாக விழுகிறது. மழைக்காலத்தில் ஈரம் குடித்த பசை அந்தச் சூட்டில் ஒட்டிக்கொள்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

லேசரின் பின்கதவைத் திறந்து வைத்தால் பல மாடல்களில் கவர் வளையாமல் நேராக வெளியே வரும். சிலவற்றில் அந்தக் கதவுக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் சிறு நெம்புகோல்கள் இருக்கும். வேலை முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் சாதாரணத் தாளில் எழுத்து உதிரும். கவரின் நான்கு ஓரத்தையும் ஸ்கேலால் நீவி, காற்றை வெளியேற்றி, ஐந்தைந்தாக வையுங்கள். ஜன்னல் கவரின் பிளாஸ்டிக்கும், பட்டை உரித்து ஒட்டும் கவரும் லேசருக்கு ஆகாது. லேசருக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டும் வைக்கலாம்.

விலாசம் இடம் மாறுவதற்குக் காரணம் அளவு. கம்ப்யூட்டரின் பட்டியலில் இருப்பது ஐரோப்பிய டி.எல். (220 × 110 மி.மீ.), அமெரிக்க 10ஆம் நம்பர் போன்றவை. நம் கடையில் கிடைப்பது 9 × 4 அங்குலம். அதை 229 × 102 மி.மீ. என்று நாமே பதிய வேண்டும். தாள் வகையில் 'என்வலப்' என்று தேர்ந்தெடுத்தால் பல இயந்திரங்கள் வேகத்தையும் சூட்டையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும். எந்தப் பக்கம் அச்சாகும் என்பதற்கு, வெற்றுத் தாளில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும்.

இங்க்ஜெட்டில் சூடு இல்லை, சுருக்கம் குறைவு. ஆனால் சாய மை தண்ணீரில் கரையும். ஓர் அலுவலகத்தில் நேர்முகத் தேர்வுக் கடிதங்களை அப்படி அச்சடித்து ஐப்பசி மழையில் அனுப்பினார்கள். சில கவர்கள் நீலக் கறையோடு திரும்பி வந்தன. அவை வந்து சேர்ந்தபோது தேர்வு முடிந்திருந்தது. ஒரு தகப்பனார் வாசலில் நின்று, "எங்க பொண்ணு தினமும் தபால்காரரைக் கேட்டுக்கிட்டே இருந்துதுங்க" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. விலாசம் படிக்க முடியாத கடிதம் தபால் துறையின் ஆர்.எல்.ஓ.வுக்குப் போகும். அங்கே பிரித்துப் பார்த்துத்தான் அனுப்பியவரைக் கண்டுபிடிப்பார்கள். அதற்குள் நாள் ஓடிவிடும். ஆகவே இங்க்ஜெட் விலாசத்தின் மேல் செலோ டேப் ஒட்டுங்கள், அனுப்புநர் விலாசத்தையும் மறக்காமல் போடுங்கள்.

ஒன்று மட்டும் கட்டாயம். 1972 ஆகஸ்ட் 15ல் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் முயற்சியால் வந்த பின்கோடின் ஆறு இலக்கங்கள் தெளிவாக விழ வேண்டும். ஒரே பெயரில் பல ஊர்கள், பலவித எழுத்துகள் என்ற குழப்பத்தைத் தீர்க்கத்தான் அது வந்தது. ஊர்ப் பெயர் கொஞ்சம் மங்கினாலும் அந்த எண் கடிதத்தைச் சரியான தபால் நிலையம் வரை கொண்டுபோய்விடும்.

பத்து கவருக்குள் என்றால் என் யோசனை பால்பாயிண்ட் பேனாதான். நூறு கவர் என்றால் பின்கதவைத் திறந்து வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எடுங்கள்.